தேயிலை நலம், காபி சற்று அமைதியின்றி இருக்கிறது

1

நான் டெல்லியில் வந்து இறங்கியது ஒரு நவம்பர் பதினான்காம் தேதி. குழந்தைகள் தினம் என்பதால் மறக்க வழியில்லை. சென்ற நவம்பரில் அதற்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. காலையில் காபி கொடுக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"இன்னையோட நான் டெல்லிக்கு வந்து இருவத்தஞ்சு வருஷம்."

சாமுவேல் செய்தித்தாளை இறக்கவில்லை. "வெள்ளி விழாவா? டெல்லிக்கு ஒரு வாழ்த்து அனுப்பு. இவ்வளவு நாளு உன்னையத் தாங்கிருக்குல்லா."

அன்று மாலைதான் என் முதல் மாதிரித் தேர்வுத் தாள் கைக்கு வந்தது. அதைத்தான் வெள்ளி விழாப் பரிசு என்று வைத்துக்கொண்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் நாசரேத் பக்கத்துக்காரி, நர்ஸ். டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு. கணவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் அதிகாரி. ஒரே மகள் ஜெனி, கல்லூரியில் படிக்கிறாள். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் மருத்துவமனை என்னை வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டது. ஒரே நிபந்தனை, மார்ச் முடிவதற்குள் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். பேசுவது, கேட்பது, படிப்பது மூன்றிலும் நான் ஒரே தடவையில் தேறிவிட்டேன். எழுதுவதில் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாகத் தினமும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்பவளுக்கு இது நடந்தது.

மறுபடி எழுதுவதற்காக முனிர்காவில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கீழே மோமோ கடை, அதற்கு மேலே ஜெராக்ஸ் கடை, அதற்கும் மேலே ஆங்கிலம். மாடிப்படியில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டும். வகுப்பில் எல்லாரும் என் மகள் வயது. சொல்லிக்கொடுக்கும் சாருக்கும் அவர்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். என்னை 'ஆன்ட்டி' என்பார். நான் அவரை 'சார்' என்பேன். டெல்லியில் மரியாதை இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாகப் போகும்.

அன்றைய கேள்வி: ஐந்து நாடுகளில் தேயிலை, காபிப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடம். அதைப் பார்த்து வர்ணித்து எழுத வேண்டும். நான் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தேயிலை நலம். காபி சற்று அமைதியின்றி இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் திடீர்ச் சரிவு. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. தொடர்ந்து கவனிக்கவும்.'

'இருக்கிறது' என்று நான் போட்டதுகூடத் தமிழில் சொல்லும்போதுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இல்லை.

சார் தாளை ஒரு நோயாளியின் எக்ஸ்ரேபோல வெளிச்சத்தில் பிடித்தார். "ஆன்ட்டி, இந்த கிராஃபில் டாக்டர் எங்கே இருக்கிறார்?" என்று ஹிந்தியில் கேட்டார். பிறகு கீழே விரலை வைத்தார். "இது என்ன கோடு? இது யார் கையெழுத்து?"

மீதி இருந்த வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, கீழே பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்திருந்தேன். நான் அதைச் செய்தது எனக்கே தெரியாது.

2

மருத்துவமனையில் வேலை செய்யாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு எழுதாதது நடக்காதது. எழுதிய பிறகு மிச்சமிருக்கும் இடம் ஆபத்து. பின்னால் யாராவது வந்து எதையாவது நுழைத்துவிடலாம். ஆகவே கோடு. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் முதலெழுத்துப் போட வேண்டும். நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால் என்ன அடித்தோம் என்பதும் தெரிய வேண்டும். முதல் தேர்வில் பென்சிலும் ரப்பரும் கொடுத்தார்கள். ரப்பரைத் தொடவில்லை. பதினோரு இடத்தில் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். திருத்தியவர் என்ன நினைத்தாரோ, அவருக்கும் குடும்பம் இருக்கும்.

வினைச்சொல் விவகாரம் அதைவிடப் பழையது. நர்ஸ் எழுதும் குறிப்பில் வினைச்சொல்லுக்கு நேரம் கிடையாது. 'நோயாளி நலம். இரவு நல்ல தூக்கம். காலையில் கஞ்சி.' யார் தூங்கினார், யார் குடித்தார் என்று கேட்பவர் வார்டுக்கு வரட்டும்.

ஜெனி என்னைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து நான் அவளை அதட்டியதற்கெல்லாம் வட்டியோடு கிடைத்த சந்தர்ப்பம். டெல்லியில் வளர்ந்தவள், அவள் தமிழில் ஹிந்தியும் கலந்து வரும்.

"அம்மா, தினம் காலைல பத்து சென்டென்ஸ் எழுதுங்க. அஞ்சு, ரோஸ், தினமும் என்ன நடக்குமோ அது. மதலப், ஆதத். பழக்கம். அஞ்சு, இப்ப இந்த நிமிஷம் என்ன நடந்துட்டு இருக்கோ அது. வெர்ப் இல்லாம ஒண்ணு எழுதினீங்கன்னா பத்தையும் திருப்பி எழுதணும்."

"யாரைப் பத்தி எழுத?"

"யாரைப் பத்தி வேணா. சூரியன் கிழக்கில் உதிக்கிறது, அந்த மாதிரி."

டெல்லியில் நவம்பர் மாதப் புகையில் சூரியன் எங்கே உதிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணுக்குத் தெரிவது எதிரே உட்கார்ந்திருப்பவர்தான். அவரை எழுதினேன். என் கணவர் செய்தித்தாள் படிக்கிறார். அவர் குக்கர் விசிலை எண்ணுவதில்லை. அவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறார். அவர் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். அவர் தண்ணீர் கொண்டுவருவதில்லை. அடுத்த ஐந்து: இப்போது அவர் படித்துக்கொண்டிருக்கிறார். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. பருப்பு குழைந்துகொண்டிருக்கிறது. துண்டு கட்டில்மேல் கிடந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்துகொண்டிருக்கிறது.

ஜெனி சத்தமாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பர்ஃபெக்ட். ஒரு மிஸ்டேக் இல்ல."

சாமுவேல் முதல்முறையாகச் செய்தித்தாளை இறக்கினார். "ஏளா, ஊர்ல உலகத்துல எழுத வேற ஆளே இல்லயா?"

"பழக்கத்த எழுதச் சொல்லுதா. இந்த வீட்டுல பழக்கம்லாம் உங்ககிட்டல்லா இருக்கு."

"என்னைய வச்சு நீ இங்கிலாந்து போகப் போற. அதாவது நெனவிருக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கண்ணைச் செய்தித்தாளிலும் ஒரு கண்ணை என் பேனாவிலும் வைத்திருந்தார். ஒரு வாரத்தில் துண்டு கொடிக்குப் போய்விட்டது. திருமண வாழ்க்கையில் ஜெபத்தால் ஆகாதது நிகழ்காலத்தால் ஆயிற்று.

3

ஏன் போக வேண்டும் என்று ஊரிலிருந்து போன் செய்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். டெல்லியில் என்ன குறைச்சல் என்றார்கள். இருபத்தைந்து வருடம் முன்பு 'ஊரில் என்ன குறைச்சல்' என்று கேட்டவர்களும் அவர்கள்தான். என் சித்தி மட்டும் நேராகக் கேட்டாள். "சாமுவேல்கூடச் சண்டையாட்டி?"

சண்டை இல்லை. காரணம் கேக்.

எங்கள் வார்டில் யாராவது வெளிநாடு போனால் கேக் வெட்டுவோம். அயர்லாந்து, நியூசிலாந்து, இங்கிலாந்து. ஊசி போடக் கை நடுங்கிய பெண்களாக என்னிடம் வந்தவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் கேக் வெட்டிவிட்டுப் போவார்கள். கேக் வாங்குவது நான், மெழுகுவத்தி தேடுவது நான், புதிதாக வருகிற பெண்ணுக்கு மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பதும் நான். சென்ற ஆண்டு பிரிவுபசாரத்தில் ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து, "சிஸ்டர், நீங்க இருக்கிற தைரியத்துலதான் நாங்கல்லாம் போறோம்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கையில் கத்தியோடு நின்றிருந்தேன். விமான நிலையத்தில் ஒரு தூணைப் பார்த்துச் சொல்வது மாதிரி இருந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு தடவையாவது கேக்கின் அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அன்றே முடிவுசெய்துவிட்டேன்.

திட்டம் சுலபம். நான் முதலில் போவது, ஜெனி படிப்பை முடிப்பது, அவர் ஓய்வு பெற்றதும் வந்து சேர்வது. சாமுவேல் சரி என்றார். வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் டிசம்பர் தொடங்கியதும் சாப்பாட்டு நேரத்தில் அந்த இங்கிலாந்து ஊரின் வானிலையைப் படிக்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கும் மழதானாம்."

"சரி."

"சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிருமாம்."

"இங்க மட்டும் என்ன, பகல்லயே ஒண்ணும் தெரியல." வெளியே டெல்லியின் புகைமூட்டத்தில் எதிர்வீட்டு மாடி காணாமல்போயிருந்தது.

"அங்க மீனுல தலைய வெட்டி எறிஞ்சிருவானாம்ளா. முழு மீனே கிடைக்காதாம்."

நான் குழம்பிலிருந்த மீன் தலையை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

4

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஜெனி வர்ணனையைக் கையில் எடுத்தாள். வினைச்சொல் வந்துவிட்டது. டாக்டர்தான் போக மறுத்தார்.

வரைபடத்தில் ஒரு கோடு இறங்கினால் என்னால் உட்கார முடியாது. ஏன் இறங்கியது, எப்போதிருந்து, யார் பார்த்தார்கள், என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குத் தேர்வில் இடமே இல்லை. காரணம் சொன்னால் மதிப்பெண் குறையும். யோசனை சொன்னால் இன்னும் குறையும். கோடு விழுகிறது, இவ்வளவு விழுகிறது, இன்னொன்றைவிட வேகமாக விழுகிறது. அவ்வளவுதான்.

"அம்மா, இது மீன் பிடிக்கிற கிராஃப். ஹெரிங் மீன் கம்மியாகுது. நீங்க எதுக்கு 'பெரிய வலை காரணமாக இருக்கலாம்' னு எழுதுறீங்க?"

"பின்ன? மீனு தானா குறையுமாட்டி?"

"குறையட்டுமே. அரே, உங்களுக்கு என்ன போச்சு?"

"பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்?"

"அதுதான் எக்ஸாம்மா. பாத்துட்டு சும்மா இருக்கிறது."

நான் அவளைப் பார்த்தேன். இருபது வயதில் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லத் தெரிகிறதே என்று இருந்தது. நர்ஸிங் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நேர்மாறானது. அங்கே ஒரு பெண், ஒரு நோயாளியின் நாடித் துடிப்பு குறைந்துகொண்டே வந்ததை அழகாக, நேரத்தோடு, நீல மையில் குறித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். எங்கள் சூப்பரின்டென்டென்ட் அம்மா அந்த அட்டையை எல்லாருக்கும் காட்டி, "ரொம்ப நல்ல கையெழுத்து. இவளைப் போஸ்ட் ஆபீஸ்ல சேத்துவிடுங்க" என்றார். அந்தப் பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை. இப்போது நாற்பத்தெட்டு வயதில் என்னைப் போஸ்ட் ஆபீஸ்காரியாக்கப் பார்க்கிறார்கள்.

கடைசியில் ஜெனியே ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுதப் பதிவுசெய்தாள். "இதுல கோடு போட முடியாது. கையெழுத்தும் போட முடியாது. டாக்டரை நீங்க டைப் பண்ணினாலும் பேக்ஸ்பேஸ் இருக்கு."

"அழிக்கச் சொல்லுதியா?"

"ஒரே ஒரு நாள் அழிங்கம்மா. ப்ளீஸ்."

5

தேர்வு பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. சாமுவேல் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பேசவில்லை; மங்கி கேப் போட்டிருந்ததால் பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. இறங்கியதும், "நல்லா எழுது" என்றார். பிறகு, "ரொம்ப நல்லாவும் எழுதிராத" என்றார். நான் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

வாசலில் ஒரு இளைஞர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "தேவசகாயம். மிஸஸ் தேவசகாயம்." என் அப்பாவை இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஊரில் எனக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இருந்தவர், பாஸ்போர்ட்டில் விரிந்து பின்னால் வந்து குடும்பப் பெயராகிவிட்டார். என் பெயர் எஸ்தர் என்று சொன்னேன். அந்த இளைஞர் சலிப்போடு, "இன்றைக்கு நீங்கள் தேவசகாயம்தான்" என்றார். போகட்டும், கணக்கில் தேறாமல் படிப்பை விட்ட அப்பா கடைசியில் ஆங்கிலத் தேர்வுவரை படித்தார் என்று இருக்கட்டும்.

வரைபடம் வந்தது. மூன்று நகரங்களில் நூலகங்களுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை. இரண்டு நகரங்கள் ஏறுகின்றன. ஒன்று ஏறிவிட்டு, பாதியில் மலைச்சரிவில் கல் உருண்ட மாதிரி இறங்குகிறது. எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. கோல் மார்க்கெட் பக்கம் வேலையாகப் போனாலும் பழைய புத்தகம் ஏதாவது கையோடு வரும். அந்த மூன்றாம் நகரத்தின் கோட்டை விரலால் திரையில் தொட்டுப் பார்த்தேன். என்ன நடந்தது அங்கே? நூலகத்தை மூடிவிட்டார்களா? யாருமே கேட்கவில்லையா?

கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டைப் அடித்தேன். வரைபடம் காட்டுகிறது. முதல் நகரம் சீராக உயர்கிறது. மூன்றாம் நகரம் கணிசமாகக் குறைகிறது. ஒரு ஊர் படிப்பதை நிறுத்திக்கொண்டிருந்தது. நான் 'கணிசமாக' என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

முடித்ததும் விரல்கள் தாமாகவே என் பெயரையும் பதவியையும் அடித்துவிட்டன. நேரத்தையும் அடிக்கப் போனபோதுதான் கண்டேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். வேலைக்கு வந்தபின் எழுதியதை நான் அழித்தது அன்றைக்குத்தான். யாராவது வந்து தோளைத் தொடுவார்கள் என்றே எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை.

6

முடிவு வந்தபோது நான் பணியில் இருந்தேன். கடவுச்சொல் ஜெனியிடம் இருந்தது. அவள் போன் செய்து, "வேண்டியது வந்துடுச்சும்மா. கரெக்டா அவ்வளவுதான், ஒரு சொட்டு அதிகம் இல்ல" என்றாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தேர்வு எழுதுவது மாதிரி சொன்னாள்.

"அப்பாட்ட சொல்லிட்டியா?"

"ரிசல்ட் வந்துடுச்சு, அம்மா வந்து சொல்லுவாங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சது."

அந்தக் குரலில் கேட்டால் யாராக இருந்தாலும் தோல்வி என்றுதான் நினைப்பார்கள். அவரும் நினைத்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது சாமுவேல் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து ஒரு பொட்டலம். முந்திரிக்கொத்து. எங்கள் பக்கத்துப் பலகாரம், டெல்லியில் எப்போதாவதுதான் வரும். ஜெனி தன் அறை வாசலில் நின்றிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"விடுளா. இதுக்குப் போயி மனசத் தளரவிடாத."

"நான் சொல்லுதத மொதல்ல கேளுங்க."

"இரு, நான் பேசி முடிச்சிருதேன். உனக்கு இங்கிலீஷ் தெரியலன்னு எவன் சொன்னான்? இருவத்தஞ்சு வருஷம் எத்தனை டாக்டர நீ இங்கிலீஷ்ல திருத்திருக்க. அவன் பரிச்ச வைக்கது கோட்டப் பாத்து. உனக்குக் கோடா முக்கியம்? ஆளுல்லா முக்கியம்."

"அப்பா," என்றாள் ஜெனி. "அம்மா தேறிட்டாங்க."

சாமுவேல் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மேலே மின்விசிறி, பிப்ரவரி மாதத்தில் யார் போட்டார்களோ, சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஆளுதான் முக்கியம். அதனால, இந்த வேலையே போதும்னு நெனச்சுக்கோ. டெல்லி நமக்கு என்ன குறை வச்சிருக்கு? மூச்சு முட்டும், அது ஒண்ணுதான். நீ இல்லாம அந்த வார்டு நிக்காது. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்லா. இவ இருக்கா, நான் இருக்கேன். எல்லாரும் ஒண்ணா இருந்தா..." அங்கே கொஞ்சம் நின்றது. ஆனால் தயார்செய்து வைத்ததை அவர் பாதியில் விடுகிறவர் இல்லை. "ஒண்ணா இருந்தா எதையும் பாத்துக்கலாம். வேணும்னா இன்னொரு தடவ எழுதலாம்."

தேறி வந்தவளிடம் இன்னொரு தடவை எழுதலாம் என்றார். ஜெனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

நான் அவர் எதிரே உட்கார்ந்தேன். அவரிடம் சொல்ல நானும் சிலதைத் தயார்செய்திருந்தேன்: வருடம் ஓடிவிடும், தினமும் வீடியோவில் பார்க்கலாம், அந்த மாதிரி. நானே வெளிநாடு போகிறவர்களின் கணவர்களிடம் வார்டில் சொல்லி அனுப்பியவைதான். போகிற நாளை மட்டும் சொன்னேன்.

"மே மாசம் ரெண்டாவது வாரம்."

"அதுக்குள்ளயா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். "உனக்குத்தான் வாங்கினேன்."

எடுத்துக் கடித்தேன். எப்போது செய்ததோ, மேல்மாவு கல்லாகிக் கிடந்தது. அவரும் ஒன்று எடுத்தார். ஜெனி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள். மூன்று பேரும் கடைவாயில் அடக்கிக் கடித்துக்கொண்டிருந்தோம். பொட்டலம் முடிகிறவரை ஒருவரும் பேச வேண்டியிருக்கவில்லை.